குதித்தால் கசிகிறது, ட்ரெய்னரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் தொப்பையைக் குறைக்கலாம் என்று ஜிம்மில் பர்சனல் ட்ரெய்னரிடம் சேர்ந்தேன். முதல் நாளே குதிக்க வைத்தார், சிட்-அப்ஸ் எடுக்கச் சொன்னார். குதித்தபோது சிறுநீர் கசிந்துவிட்டது. அவரிடம் சொல்லக் கூச்சம். "புள்ள பெத்தா அப்படித்தான்" என்கிறார் அம்மா. நின்றுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: உடற்பயிற்சியை விட வேண்டாம். குதிப்பதையும் சிட்-அப்ஸையும் மட்டும் இப்போதைக்கு நிறுத்துங்கள். அம்மா சொல்வதில் பாதி சரி. நிறையப் பேருக்கு வருவதுதான், ஆனால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சிசேரியன்தானே என்றும் நினைக்காதீர்கள். மாதக்கணக்கில் குழந்தையின் பாரத்தைத் தாங்கியது, சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகள்தான்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தட்டுப்பட்டாலோ, வயிறு கூம்பு மாதிரி புடைத்தாலோ, வயிற்றுத் தசைகள் இன்னும் விலகியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். பள்ளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கசிவு இருப்பதால் மகப்பேறு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிடுங்கள்.

இடுப்புத்தளத் தசைகளை வலுவாக்கும் கீகல் பயிற்சியை இன்றே தொடங்கலாம். சிறுநீரை அடக்குவது போல் தசையை மேல்நோக்கி இறுக்கி, சில நொடி வைத்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. கழிப்பறையில் சிறுநீர் போகும்போது செய்யக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். கூடவே நடைப்பயிற்சி. பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது.

சரி, ட்ரெய்னர். உண்மையில், பிரசவம் எப்போது, எப்படி என்று முதல் நாளே அவர்தான் கேட்டிருக்க வேண்டும். நேரில் சொல்லக் கூச்சமென்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "சிசேரியன் ஆகி ஐந்து மாதம். குதித்தால் கசிகிறது. டாக்டர் பார்க்கும்வரை குதிக்கிற பயிற்சி, சிட்-அப்ஸ் வேண்டாம்." உடனே பயிற்சியை மாற்றித் தந்தால் அவரிடமே தொடருங்கள். "போகப் போக சரியாயிடும் மேடம்" என்று பதில் வந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.

அப்புறம், ஒரே மாதத்தில் தொப்பை கரையாது. ஆபீஸுக்கு இரண்டு சுடிதாரைக் கொஞ்சம் தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள்.