கொலுசு போட்ட கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மாணவியர் ஒரு வாரம் முழுவதும் தாங்கள் பார்த்த, கேட்ட விளம்பரங்களைக் குறித்துவைத்து வகுப்பில் பேசினார்கள். துணி துவைப்பவள் பெண், காப்பீடு எடுப்பவர் ஆண், இருவருமே நம் ஊர் நிறத்தில் இல்லை, வாய் ஒரு மொழியில் அசையத் தமிழ் தனியாகக் கேட்கிறது என்றெல்லாம் சொன்னார்கள். "இதையெல்லாம் மும்பையில் எடுக்கிறார்கள், நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? இதற்கு விதிகள் உண்டா?

வாசகி, அம்மாபேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாணவி சொன்னதில் பாதி சரி. வாயும் குரலும் ஒட்டாத அந்த விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தியில் எடுக்கப்பட்டு, பிறகு தமிழில் குரல் கொடுக்கப்படுபவை. அந்த வீட்டுச் சமையலறையில் கிரைண்டர் இருக்காது, வாசலில் கோலம் இருக்காது. அந்த அம்மா மகனைக் 'கண்ணா' என்று அழைக்கும்போது நம் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நல்வாழ்வு என்பது வேறு ஏதோ ஓர் ஊரில், வேறு நிறத்தவர் வீட்டில் நடக்கிறது என்ற எண்ணம் இப்படித்தான் குழந்தைகளின் மனதில் சத்தமில்லாமல் படிகிறது.

ஊடகத்துக்கு ஊடகம் இதன் வழி மாறுகிறது. விவித பாரதியில் 1967-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. வானொலியில் நிறம் தெரியாது, ஆகவே அங்கே பேச்சு வழக்கே ஆளின் தகுதியைச் சொல்லும் அடையாளமாகிறது: அறிவுரை சொல்பவர் திருத்தமான தமிழில் பேசுவார், விவரம் தெரியாமல் விழிப்பவர் நம் கொங்குப் பேச்சிலோ மதுரைப் பேச்சிலோ பேசுவார். தூர்தர்ஷன் 1976-இல் விளம்பரங்களை ஏற்றபோது முகமும் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', கறுத்த பெண்ணுக்கு வேலையும் வரனும் கிடைக்காது, வெளுத்தால் இரண்டும் கிடைக்கும் என்ற கதையைப் பல வடிவங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றது. 2020-இல் அதன் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறியது நல்லதுதான். 'வெண்மை' போன இடத்தில் 'பொலிவு' வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுபாதியை அந்த மாணவியிடம் நீங்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். நாளிதழின் 'மணமகள் தேவை' பகுதியை எந்த நிறுவனமும் எழுதுவதில்லை. நம் அப்பாக்களும் மாமாக்களும் கைக்காசு கொடுத்து எழுதுகிறார்கள். சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், அடுத்ததாக 'சிவந்த நிறம்', 'நல்ல நிறம்'. ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் என்றிருந்தும் அந்தச் சொல்லை மட்டும் யாரும் மிச்சப்படுத்துவதில்லை. முகப்பூச்சு நிறுவனம் புதிதாக ஓர் ஆசையைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே நாம் எழுதிவைத்திருந்ததைப் படித்துவிட்டுத்தான் கடை திறந்தது.

சில மாதங்களுக்கு முன் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தேன். சேலத்துக் கொலுசு நாடெங்கும் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அம்மா, தரையில் சம்மணமிட்டு, மணி மணியாக எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் கறுத்துத் தழும்பேறியிருந்தன. ஒரு சோடி முடிந்ததும் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தம் கணுக்காலில் சுற்றி மாட்டினார்; கரிய கால், வெடித்த குதிகால், அதன்மேல் புது வெள்ளி. அவ்வளவு அழகாக ஒரு கொலுசை நான் பார்த்ததில்லை. மறுகணமே கழற்றி எடை போடுவதற்காகத் தட்டில் வைத்தார்.

திரும்பும் வழியில் ஒரு நகைக்கடையின் விளம்பரப் பலகை. இரண்டு மாடி உயரம். பால் நிறத்தில் ஒரு கால், முகம் கூட இல்லை, அதில் நம் ஊர்க் கொலுசு. அந்தப் பலகையை மும்பை வைக்கவில்லை. வைத்தவர் சேலத்துக்காரர், அச்சடித்ததும் சேலத்தில்தான். தொலைக்காட்சியையாவது மாற்றிக்கொள்ளலாம், பேருந்துக்கு நிற்பவர் பலகையை எப்படி மாற்றுவார்? எல்லா ஊடகங்களிலும் இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பட்டறைக்குப் போகும் பெண்கள் நாள்தோறும் இருமுறை அதைக் கடக்கிறார்கள்.

ஏற்காட்டுக்கும் இதே கதிதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருமாறு அழைக்கும் விடுதி விளம்பரங்களில் பனி உண்டு, காப்பிக் கோப்பை உண்டு, வெளியூர்க் குடும்பம் உண்டு. சேர்வராயன் மலையின் மக்களான மலையாளிப் பழங்குடியினர் பெரும்பாலும் இல்லை. இருந்தால் கூடை சுமந்த ஒரு முதுகாக இருக்கிறார்கள். தமிழ் பேசும் அவர்களைப் பெயரை வைத்துக் கேரளத்தவர் என்று எண்ணுவோர் சேலத்திலேயே இருக்கும்போது, அவர்கள் முகத்தைக் காட்டாத ஒவ்வொரு படமும் அந்த அறியாமைக்குத் துணை போகிறது.

விதிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-இலிருந்து உண்டு. ஆனால் அது ஆபாசத்தைப் பிடிக்கும், பாத்திரம் தேய்ப்பவள் எப்போதும் பெண்ணாகவே இருப்பதைப் பிடிக்காது. விளம்பரத் துறையினர் தாங்களே 1985-இல் அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம், கறுத்த நிறத்தவரைத் தாழ்ந்தவராகவோ மகிழ்ச்சியற்றவராகவோ காட்டக் கூடாது என்று 2014-இல் நெறிமுறை வகுத்தது. பாலினம் குறித்த நெறிமுறை 2022-இல் வந்தது. பெண் வீட்டைப் பெருக்குவதாகக் காட்டலாம். குடும்பமே குப்பை போட, அதை அள்ளுவது அவள் ஒருத்தியின் பொறுப்பு என்பதுபோல் காட்டுவது தவறு என்கிறது அது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் புகார் அனுப்பலாம், சாலையோரப் பலகைகள் மீதும் அனுப்பலாம். ஆனால் வெளுத்த காலைக் காட்டுவது எந்த விதிக்கும் முரணானதன்று.

ஆகவே அதற்குப் புகார் எழுத வேண்டாம். மாணவியரை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கள். அடுத்த பலகைக்கு இந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் காலைப் படமெடுக்க முடியுமா என்று உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்