கையில் 70,000 ரூபாய், படிக்க ஆசைப்படுகிறவர்கள் நாலு பேர்: யாருக்கு எந்தப் படிப்பு?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 44 வயது, பத்தாவது பாஸ். ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறார். கள்ளு வண்டி ஓட்டி மாதம் 22,000 கொண்டு வருகிறார். ராத்திரி ஓட்டம் உடம்புக்கு ஆகவில்லை, ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகலாமா என்கிறார். கொழுந்தனுக்கு 26. பி.காமில் இரண்டு பேப்பர் அரியர். கஞ்சிக்கோட்டில் 14,000 சம்பளம், வீட்டுக்கு 5,000 கொடுப்பார். கோயம்புத்தூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 6 மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் 85,000 ரூபாய், வேலை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு 63, எழுதப் படிக்கத் தெரியாது, இப்போது கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். சகரண (கூட்டுறவு) பாங்கில் 70,000 டெபாசிட் இருக்கிறது. கேரள அரசின் கேஎஸ்எஃப்இ சீட்டு மாதம் 2,500, மொத்தம் 40 தவணை, 18 கட்டியாகிவிட்டது. அதை ஏலத்தில் எடுத்துக் கொழுந்தன் படிப்புக்குக் கொடுக்கலாமா? எனக்கு 35 வயது, ஓ.பி.சி. ஒன்பதாவது வரை தமிழ் மீடியம். பிளவுஸ் தைத்து மாதம் 6,000 வருகிறது. எனக்கும் பத்தாவது எழுத ஆசைதான், ஆனால் அது ஒன்றும் அவசரம் இல்லை. தெரிந்தவர் ஒருவர், பத்தாவதெல்லாம் எதற்கு, நேராக டிகிரியே போட்டுவிடலாம் என்கிறார்.

பதில்: உங்கள் படிப்பைக் கடைசியில் வைத்து, அவசரம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலு பேரில் காலக்கெடு இருப்பது உங்களுக்குத்தான். அதனால் உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரள பி.எஸ்.சி.யில் பெரும்பாலான வேலைகளுக்குப் பொதுப் பிரிவில் 36 வயது வரை, ஓ.பி.சி.க்கு 39 வரை விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 35. கையில் இருப்பது நாலு வருடம். ஆபீஸ் அட்டெண்டர் மாதிரியான லாஸ்ட் கிரேடு வேலைக்கு ஏழாவது பாஸ் போதும், அதற்கு இன்றைக்கே உங்களுக்குத் தகுதி இருக்கிறது, ஒரு கோர்ஸும் தேவையில்லை. கிளார்க் வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பத்தாவது பாஸ் வேண்டும். உங்கள் பக்கத்து ஆட்களுக்கென்றே 'தமிழும் மலையாளமும் தெரிந்த' எல்.டி. கிளார்க் என்று தனி வகையே பி.எஸ்.சி.யில் உண்டு. கோட்டயத்துக்காரர் அதற்குப் போட்டிக்கு வருவது கஷ்டம். பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது. அரசு ஆன்லைன் சேவைகளைச் செய்து தரும் அக்ஷயா சென்டரில் பதிவு செய்து கொடுப்பதற்குக் கேட்கும் சின்னத் தொகைதான் செலவு. வேலை கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை, போட்டி கடுமை. ஆனால் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய வாய்ப்பு உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

பத்தாவதுக்கு நீங்கள் போக வேண்டிய இடம் கேரள அரசின் எழுத்தறிவு அமைப்பான சாக்ஷரதா மிஷன். அவர்கள் நடத்தும் பத்தாம் வகுப்புத் துல்யதா (பத்தாவதுக்குச் சமமான) படிப்பில் 17 வயது முடிந்தவர்கள் சேரலாம். ஏழாவது பாஸ் செய்து இடையில் நின்றவர்களுக்காகத்தான் அது. வகுப்பு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் நடப்பதால் தையல் நிற்காது. தேர்வு நடத்துவது கேரள அரசின் தேர்வுத் துறையான பரீட்சா பவன். பி.எஸ்.சி.யும் இந்தச் சர்டிபிகேட்டை ஏற்றுக்கொள்கிறது. பஞ்சாயத்தில் மிஷனுக்காக வேலை பார்க்கும் பிரேரக்கைப் பாருங்கள். தமிழ் மீடியத்தில் எழுதுவதைப் பற்றியும், தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் எந்த சென்டரில் இருக்கிறார் என்பதைப் பற்றியும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி வருடம் போன பிறகு கேட்டால் பயன் இல்லை. மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகவும் பத்தாவது எழுதலாம், வருடத்தில் இரண்டு முறை தேர்வு வரும். ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் அது சரிப்படும். இத்தனை வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறப்பவருக்கு எதிரே ஒரு டீச்சர் இருப்பது நல்லது.

உங்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வருமா என்று எழுதவில்லை. வராது என்றால், அதே சாக்ஷரதா மிஷன் 'பச்ச மலையாளம்' என்று ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் நடத்துகிறது. தாலுகா ஆபீஸ் படிவத்தை நிரப்ப ஒவ்வொரு தடவையும் யாரையாவது தேடுவது நிற்கும். கிளார்க் வேலைக்கும் மலையாளம் வேண்டும்.

நேராக டிகிரி போடலாம் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்ற விவகாரம், அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் 2009-லேயே சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தீர்ப்பாகிவிட்டது. இப்படிப் பட்டம் வாங்கி பிரமோஷனில் மாட்டிக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. அந்த ஆள் சொல்லும் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வீண்.

சரி, கொழுந்தனுக்கு வருவோம். கடிதத்தில் பெரிய தொகை இங்கேதான் இருக்கிறது.

85,000 என்பது முழுத் தொகை இல்லை. தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதை அந்த 85,000-க்குள் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேளுங்கள். தனி என்றால் 15,300 கூடி 1,00,300 ஆகிவிடும். அடுத்து, ஈஎம்ஐ போட்டுத் தருகிறோம் என்பார்கள். ஒரு கணக்குக்கு, 12 மாதம், 12 சதவீத வட்டி, அதுவும் 'ஃபிளாட்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 12,036. மாதம் கட்ட வேண்டியது சுமார் 9,360. ஒவ்வொரு மாதமும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழு அசலுக்கே போடுவதால், உண்மையில் இது 21 சதவீதத்துக்கு மேல் விழும் கடன். 14,000 சம்பளத்தில் 9,360 போனால் மிச்சம் 4,640. வீட்டுக்குக் கொடுக்கும் 5,000 அன்றைக்கே நின்றுவிடும். பஸ் காசுக்கும் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

'நோ காஸ்ட்' ஈஎம்ஐ என்றாலும் கடன் கொடுப்பது இன்ஸ்டிட்யூட் இல்லை, ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. கொழுந்தன் கையெழுத்துப் போட்ட உடனே பணம் முழுதாக இன்ஸ்டிட்யூட் கைக்குப் போய்விடும். மூன்றாவது மாதம் வாத்தியார் சரியில்லை என்று நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும், பிறகு பைக் லோன்கூட கிடைக்காது. என்னிடம் வருகிறவர்களில் வட்டிக்கு வாங்கி விவசாயம் செய்து நொடித்தவர்களைவிட, இந்த மாதிரி கோர்ஸ் கடனில் சிக்கிய பையன்கள் இப்போது அதிகம் என்றே தோன்றுகிறது. சேர்வதாகவே இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்' கேளுங்கள். கடன் கொடுப்பவர் வருட வட்டி, மொத்தச் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கொடுக்க மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

வேலை நிச்சயம் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் அதில் மூன்று விஷயம் பாருங்கள்: எவ்வளவு சம்பளம், எந்த ஊர், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா. 'உதவி செய்வோம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது வாட்ஸ்அப் குரூப்பில் வேலை விளம்பரத்தை ஃபார்வேர்ட் செய்வது. போன வருடம் படித்து முடித்த நாலைந்து பேரின் நம்பர் வாங்கி, இன்ஸ்டிட்யூட் ஆள் பக்கத்தில் இல்லாதபோது பேசச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் மார்க்கெட்டிங் மோசமான தொழில் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு அதில் உண்மையாகவே நாட்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள 85,000 தேவையில்லை என்கிறேன். அதன் அடிப்படைப் பாடங்களை கூகுளே இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டு மாதம் அதைப் பார்த்து, உங்கள் பிளவுஸ் தையலுக்கே ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்து நடத்தட்டும். கொழிஞ்சாம்பாறை தாண்டி வண்ணாமடையிலிருந்தும் கோபாலபுரத்திலிருந்தும் பத்து ஆர்டர் வந்தால், அப்புறம் பேசலாம்.

அதற்கு முன் அந்த இரண்டு அரியர். பழைய பாடத்திட்டத்தில் தேர்வு எழுத எந்தப் பல்கலைக்கழகமும் காலக்கெடு வைக்கும். அது முடிந்தால் படித்த மூன்று வருடமும் போச்சு. இந்த வாரமே கல்லூரி ஆபீசில் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன்: கேரளத்தில் லாஸ்ட் கிரேடு வேலைக்குப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது. அரியரை முடித்தால் அந்தக் கதவு அவருக்கு மூடிவிடும். பரவாயில்லை, மூடட்டும். பட்டம் கேட்கும் பரீட்சைகள் எல்லாம் திறக்கும், கஞ்சிக்கோட்டிலேயே கணக்குப் பார்க்கும் வேலைக்குக் கேட்க முடியும். வேலைக்கான பயிற்சிதான் வேண்டும் என்றால், 35 வயது வரையிலான கிராமத்து இளைஞர்களுக்கு டிடியு-ஜிகேஒய் என்ற இலவசத் திட்டம் இருக்கிறது. கேரளத்தில் அது பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக நடக்கிறது. நீங்கள் அதன் அயல்கூட்டத்தில் (பக்கத்து வீட்டுப் பெண்கள் குழு) இருந்தால், பஞ்சாயத்தில் குடும்பஸ்ரீயின் சி.டி.எஸ். ஆபீசில் விசாரியுங்கள்.

சீட்டை எடுக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 1,00,000 சீட்டை இப்போது 25 சதவீதம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 75,000. பாக்கி 22 தவணையும் கட்டியாக வேண்டும், அதற்கு ஜாமீனோ நகையோ கொடுத்தால்தான் பணமே தருவார்கள். மாதம் 42,000 சம்பாதித்தாலும் கொழுந்தன் தன்னிடம் வைத்துக்கொள்வது போக வீட்டுக்கு வருவது 33,000. அதில் சீட்டுக்கு 2,500 போகிறது. சகரண பாங்க் 70,000 என்பது உங்கள் வீட்டின் இரண்டு மாதச் செலவு, அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவர் இருக்கும் வீட்டில் அதையும் தொடுவது சரியில்லை. இந்த வருடம் படிப்புக்கென்று எல்லோருக்கும் சேர்த்து மாதம் 1,000 முதல் 1,500 வரை ஒதுக்குங்கள். நான் சொல்லும் படிப்புகளில் எதுவும் அதற்கு மேல் இழுக்காது.

வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் வேண்டாம். 44 வயதில் டைப்பிங்கும் எக்செலும் கற்றுக்கொண்டு போனால், 22 வயதுப் பிள்ளைகளோடு 12,000 சம்பளத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவர் கையில் இருக்கும் பெரிய சொத்து அந்த ஹெவி லைசென்ஸ்தான். அதன் மேல் படிப்பைச் சேர்க்க வேண்டும். பெட்ரோல், கேஸ், கெமிக்கல் ஏற்றும் டேங்கர் ஓட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மூன்று நாள் பயிற்சி முடித்த சர்டிபிகேட் வேண்டும். அந்த விதியில் இன்னொன்றும் இருக்கிறது: டிரைவருக்கு ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். டேங்கரின் பின்னால் ஒட்டியிருக்கும் அபாய எச்சரிக்கைப் பலகையையும் சரக்குக் குறிப்பையும் படிக்காமல் ஓட்ட முடியாதே. பத்தாவது பாஸ் என்பதால் அடிப்படை இருக்கும், துருப்பிடித்திருக்கும். சாக்ஷரதா மிஷனின் 'குட் இங்கிலீஷ்' கோர்ஸ் இந்த மாதிரி ஆட்களுக்குப் பொருந்தும். அதை முடித்துவிட்டு மூன்று நாள் பயிற்சிக்குப் போகட்டும்.

கோயம்புத்தூர் பக்கத்து இருகூர் எண்ணெய் டெப்போ உங்களுக்கு எட்டும் தூரம்தான். பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அங்கே லோடு எடுக்கும் டிரான்ஸ்போர்ட் ஆட்களிடம் சம்பளம் எவ்வளவு, எத்தனை ராத்திரி வெளியே, எந்த ஊர்ப் பயிற்சி மையத்தின் சர்டிபிகேட்டை ஏற்கிறார்கள் என்று நேரில் கேட்கச் சொல்லுங்கள். கள்ளு வண்டி போல் விடிவதற்குள் ஆலப்புழை போய்ச் சேர வேண்டிய அவசரம் எல்லா டேங்கருக்கும் இருக்காது. ஆனால் ராத்திரி ஓட்டமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். உடம்புதான் பிரச்சினை என்றால் பகல் ஷிஃப்ட் உள்ள கம்பெனி பஸ், ஸ்கூல் பஸ்ஸையும் பார்க்கலாம். சம்பளம் கொஞ்சம் குறையும். அதற்குப் படிப்பும் வேண்டாம்.

மாமியாருக்கு முதல் செலவு கண் டாக்டர். எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று நின்றுவிடும் பெரியவர்களில் பல பேருக்கு எழுத்தே தெரிவதில்லை. கண்ணாடி போட்ட பிறகு பிரேரக்கிடம் அனுப்புங்கள். எழுத்தறிவு வகுப்புக்குக் கட்டணம் கிடையாது. தமிழா மலையாளமா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், எந்த ஊர்ப் பஸ்ஸில் அதிகம் ஏறுகிறாரோ அவரே சொல்வார். 2018-ல் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் சாக்ஷரதா மிஷன் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கி மாநிலத்தில் முதலில் வந்தார். உங்கள் மாமியாருக்கு இன்னும் 33 வருடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பத்தாவதுக்குச் சேருவதற்கு முன் உங்கள் பள்ளி டி.சி.யையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குப் பள்ளியில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் பெயர், மலையாளத்தில் எழுதும்போது இன்னொரு எழுத்து என்று மூன்று விதமாக இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. புக்கில் ஏறும் பெயரும் பிறந்த தேதியும்தான் பிறகு எல்லா இடத்திலும் செல்லும். அது ஏறிய பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். இப்போதே வித்தியாசம் இருந்தால், ஆதாரைச் சரி செய்துவிட்டு விண்ணப்பம் வாங்கப் போங்கள்.