கேளுங்க கோச்: வார்ம்-அப் பண்ணியும் கால் ஏன் எழும்பல?

கேள்வி: கோச் சார், எனக்கு 17 வயசு, 100 மீட்டர் ஓடுறேன். ப்ராக்டிஸ்ல 11.6 செகண்ட் சாதாரணமா வருது, மீட்டுன்னு, அதாவது போட்டின்னு வந்தா 11.9-ஐ தாண்டிடுது. இத்தனைக்கும் ஹீட்ஸுக்கு (முதல் சுற்று ஓட்டத்துக்கு) முன்னாடி 20 நிமிஷம் உக்காந்து ஸ்ட்ரெட்ச்சிங் பண்றேன், ஒவ்வொரு காலையும் ஒன்றரை நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு இழுத்துப் புடிச்சு வைக்கிறேன். அப்புறம் பேர் கூப்பிடுற வரைக்கும் தெம்பு வீணாகக் கூடாதுன்னு ஒரு ஓரமா உக்காந்துடுவேன். எங்க தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, ரெண்டு இடத்துல நேரத்தைத் தொலைக்கிற. மொதல்ல அந்த ஸ்ட்ரெட்ச்சிங். ஒரே தசையை அசையாம ஒரு நிமிஷத்துக்கு மேல இழுத்துப் புடிச்சா, அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தசையோட பலமும் பட்டுனு பாயுற வேகமும் சில சதவீதம் இறங்கிடும், நரம்பு வழியா தசைக்கு வர்ற உத்தரவே கொஞ்சம் மந்தமாயிடும். சில சதவீதம்தானேன்னு விட்டுடாத, உன் 11.6-ல ஒரு சதவீதம்னா 0.116 செகண்ட், கோட்டுக்கிட்ட அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதுக்காக ஸ்ட்ரெட்ச்சிங்கே வேண்டாம்னு சொல்லல, உடம்பு வளையிறதுக்கு அது வேணும், ஆனா அதை ப்ராக்டிஸ் முடிஞ்சப்புறமோ தனியா வேற ஒரு நேரத்துலயோ பண்ணு. ஓட்டத்துக்கு முன்னாடி எங்கயாவது இறுக்கமா இருந்தா 15-20 செகண்ட் இழுத்துட்டு உடனே அசைவுக்குப் போயிடு, அதுல ஒண்ணும் கெட்டுடாது.

அதை விடப் பெரிய தப்பு உக்காந்திருக்கிறதுதான். வார்ம்-அப்ங்கிற பேர்லயே விஷயம் இருக்கு, தசை நிஜமாவே சூடாகணும். தசையோட சூடு 1 டிகிரி ஏறினா ஸ்பிரின்ட், ஜம்ப் மாதிரி பட்டுனு பண்ற வேலைல திறன் ஏறத்தாழ 2-ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் கூடும், ஏன்னா சூட்டுல நரம்பு வேகமா பேசும், தசைக்குள்ள நடக்கிற ரசாயன வேலை வேகமாகும், ரத்தம் ஆக்சிஜனை சீக்கிரம் இறக்கி விடும். இந்தச் சூடு ஏறுறதுக்கு 10-ல இருந்து 20 நிமிஷம் அசையணும், ஆனா சும்மா உக்காந்தா 15-20 நிமிஷத்துல பெரும்பாலும் இறங்கிப் போயிடும். நீ சேர்த்து வைக்கிறேன்னு நினைக்கிற நேரத்துல எல்லாம் ஆறிட்டு இருக்கு.

அதனால இப்படி மாத்திப் பாரு. 6-8 நிமிஷம் மெதுவா ஜாகிங், பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும். அப்புறம் காலை முன்னும் பின்னும் வீசுறது, நடந்துக்கிட்டே ஒரு காலை முன்னாடி எட்டி வச்சு முட்டியை மடக்கி இறங்குற லஞ்ச், இடுப்பைச் சுத்துறது, எல்லாமே அசைஞ்சுக்கிட்டே. அதுக்கப்புறம் ஸ்கிப், முட்டியை உசத்தித் தூக்குற ஹை நீஸ் மாதிரி ட்ரில்ஸ், இங்க அவசரப்படாம பாதம் தரையில எப்படி விழுதுன்னு கவனி. அடுத்து 50-60 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (இறுக்கமில்லாம நீளமா எட்டு வச்சு ஓடுறது) மூணு, முழு வேகத்துல 70 சதவீதம், 80, 90-ன்னு ஏத்திக்கிட்டே போ, நடுவுல நல்லா நடந்து மூச்சு திரும்ப விடு, கடைசியா ஸ்பைக்ஸ் ஷூவை மாட்டிக்கிட்டு ரெண்டு ஸ்டார்ட், 20 மீட்டர், முழு வேகத்துல. நிறைய பேர் இந்தக் கடைசி பகுதியைத்தான் விட்டுடுறாங்க, அப்போ உடம்பு அன்னைக்கு முதல் தடவை முழு வேகத்தைப் பாக்குறதே துப்பாக்கிச் சத்தம் கேட்டப்புறம்தான். ஓட்டத்துக்கு 10 நிமிஷம் முன்னாடி இது முடியுற மாதிரி நேரத்தைக் கணக்கு பண்ணிக்கோ, பேர் கூப்பிட்டு நிறுத்துற அறையில (‘கால் ரூம்’, call room) காக்க வச்சாங்கன்னா ட்ராக் பேன்ட்டைக் கழட்டாத, நின்ன இடத்துலயே குதி, முட்டியைத் தூக்கு, உக்காராத. மீட் அன்னைக்குத் திடீர்னு புதுசா பண்ணாம ரெண்டு வாரம் ப்ராக்டிஸ்லயே இதைப் பழகிட்டு அப்புறம் போ.

கேள்வி: என் பொண்ணுக்கு 14 வயசு, ஃபுட்பால் விளையாடுறா. கிரவுண்டை ரெண்டு ரவுண்ட் ஓட விட்டுட்டு நேரா மேட்ச் விளையாட விட்டுடுறாங்க. கூட விளையாடுற ஒரு பொண்ணுக்கு முட்டியில லிகமென்ட் கிழிஞ்சு போச்சு, அதுல இருந்து எனக்கு ஒரே பயமா இருக்கு.

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமானதுதான், ஒரே விளையாட்டை விளையாடுற பசங்களை விட பொண்ணுங்களுக்கு அந்த முட்டி லிகமென்ட் காயம் ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருது. ஆனா இதைப் பெரிய அளவுக்குத் தடுக்க முடியும், அது பலருக்குத் தெரியாம போறதுதான் எனக்கு வருத்தம். உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவோட 11 ப்ளஸ்னு ஒரு வார்ம்-அப் இருக்கு, மொத்தம் 20 நிமிஷம்தான், ஓட்டத்துல ஆரம்பிச்சு நடுவுல 10 நிமிஷம் பிளாங்க், ஒத்தைக் கால்ல நிக்கிறது, ஸ்குவாட், குதிச்சு மெத்துனு இறங்கிறது, தொடையோட பின் தசைக்கான நார்டிக் பயிற்சி எல்லாம் பண்ணிட்டு கடைசியில வேகமா ஓடித் திரும்புறதுல முடியும். பெரிய சாமான் எதுவும் வேண்டாம். நார்வேல 13-ல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள 1,892 பொண்ணுங்களை வச்சு ஒரு சீசன் முழுக்க பார்த்து 2008-ல வெளியிட்டாங்க, இதைப் பண்ணின டீம்கள்ல மொத்த காயம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு, கடுமையான காயம் பாதிக்குக் கிட்ட.

இதுல முக்கியமா பாக்க வேண்டியது, குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கமா சாயுதான்னு. சாயக் கூடாது, முட்டி பாதத்துக்கு நேரா இருக்கணும், தரையில இறங்கின சத்தமே கேக்கக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொன்னா சட்டுனு புரிஞ்சுக்குவாங்க. டீம் கோச்கிட்ட நீங்களே மரியாதையா எடுத்துச் சொல்லுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது விடாம பண்ணினாத்தான் பலன் தெரியும், மேட்ச் நாள்ல மட்டும் பண்ணினா போதாது.

கேள்வி: வயசு 43. ஒன்றரை வருஷமா தினமும் 5 கிலோமீட்டர் முடிஞ்ச அளவு வேகமா ஓடுறேன். மொதல்ல நேரம் நல்லா குறைஞ்சுது, இப்போ ஆறு மாசமா 29 நிமிஷத்துலயே நிக்குது, எப்பவும் அசதியாவும் இருக்கு. இன்னும் கஷ்டப்படணுமா?

பதில்: இல்லைங்க, நீங்க ஏற்கனவே தேவைக்கு மேல கஷ்டப்படுறீங்க, ஆனா எல்லா நாளும் ஒரே மாதிரி கஷ்டப்படுறீங்க. நடுத்தர வேகம்னு ஒண்ணு இருக்கு, அது உடம்பைக் களைப்பாக்குற அளவுக்கு வேகம், ஆனா உடம்பை மாத்துற அளவுக்கு வேகம் இல்ல, தினமும் அதுலயே மாட்டிக்கிட்டவங்க நிறைய பேர். ஸ்டீஃபன் சைலர்னு நார்வேல வேலை பாக்குற ஆராய்ச்சியாளர் உலகத் தரத்துல இருக்கிற ரோயிங், ஸ்கீயிங், சைக்கிள், ஓட்டக்காரங்களோட பயிற்சியை எல்லாம் பார்த்தப்போ, அவங்க 80 சதவீதம் பயிற்சியை ரொம்ப லேசா பண்றாங்க, மீதியைத்தான் உயிரைக் கொடுத்துப் பண்றாங்கன்னு தெரிஞ்சுது.

உங்களுக்கு வாரத்துல அஞ்சு நாள் ஓட்டம் போதும், ரெண்டு நாள் ஓய்வு. நாலு நாள் முழு வாக்கியம் பேசிக்கிட்டே ஓடுற வேகம், அது 37 நிமிஷம் ஆனாலும் சரி, கூச்சப்படாதீங்க. அதுல ஒரு நாளை 7-8 கிலோமீட்டரா மெல்ல மெல்ல நீட்டுங்க. மீதி ஒரு நாள்தான் வேக நாள்: நல்லா வார்ம்-அப் பண்ணிட்டு 4 நிமிஷம் வேகமா, 3 நிமிஷம் மெதுவா, இப்படி நாலு தடவை. வேகம்னா ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச முடியாத அளவுக்கு. கடிகாரம் பார்த்து ஓட அலுப்பா இருந்தா ஃபார்ட்லெக் பண்ணுங்க, 1930-கள்ல ஸ்வீடன்ல கோஸ்டா ஹோல்மர்ங்கிற கோச் கொண்டு வந்தது, அந்த மரம் வரைக்கும் வேகமா, அடுத்த திருப்பம் வரைக்கும் மெதுவான்னு மனசுக்குத் தோணுற மாதிரி ஓடுறது. 40 தாண்டிட்டீங்க, அதனால வேகப் பயிற்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டரைப் பார்த்துடுங்க, ஓடும்போது நெஞ்சுல ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா அந்த இடத்துலயே நிறுத்துங்க.

கேள்வி: ஒர்க்-அவுட் பண்ணின மறுநாள் கால் வலிக்கிறது லாக்டிக் ஆசிட் தேங்கினதாலயா?

பதில்: இல்ல. ஓட்டத்துல சேர்ற லாக்டேட் (நீங்க லாக்டிக் ஆசிட்னு சொல்றது) ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாம் போயிடும், அதுல பெரும்பகுதியை உடம்பே எரிபொருளா எரிச்சுடும். மறுநாள் வலி, தசைநார்ல ஏற்படுற நுண்ணிய சேதமும் அது ஆறுற வேலையும்தான், இறக்கத்துல ஓடினாலோ பழக்கமில்லாத பயிற்சி பண்ணினாலோ அதிகமா வரும், 24-ல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் இறங்கிடும். லேசா நடங்க, சரியாயிடும். ஒரே இடத்துல குத்துற மாதிரி வலின்னா அது வேற, அதைத் தாங்கிக்கிட்டு ஓடாதீங்க.

கேள்வி: ராத்திரி 12 மணி வரைக்கும் படிக்கிறேன், காலைல நாலரைக்கு எழுந்து ப்ராக்டிஸ் போறேன். 16 வயசு, 400 மீட்டர். போன வருஷத்தை விட டைமிங் மோசமா ஆயிடுச்சு.

பதில்: உன் உழைப்பைப் பார்த்தா மனசுக்கு நிறைவா இருக்குப்பா, ஆனா நாலரை மணி நேரத் தூக்கத்துல எந்த உடம்பும் வேகமாகாது. பயிற்சியில உடம்பு களைச்சுப் போகுது, அவ்வளவுதான், பலம் ஏறுறது அதுக்கப்புறம் தூங்கும்போதும் சாப்பிடும்போதும். உன் வயசுக்கு 8-ல இருந்து 10 மணி நேரம் வேணும். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீம்ல 11 பேரை அஞ்சுல இருந்து ஏழு வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில இருக்க முயற்சி பண்ணச் சொன்னாங்க, 2011-ல அதோட முடிவு வந்துச்சு: அவங்க கோர்ட்டுல ஓடுற ஸ்பிரின்ட் 16.2 செகண்ட்ல இருந்து 15.5-க்கு வந்துருச்சு, பந்து போடுறதுலயும் குறி தப்புறது குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நீ யோசிச்சுப் பாரு.

வாரத்துல மூணு நாள் காலை ப்ராக்டிஸை விட்டுடு, சாயங்காலம் மட்டும் போ. மீதி நாள்ல பத்து மணிக்குப் புத்தகத்தை மூடு, எழுந்திருக்கிறதை ஆறு மணிக்குத் தள்ளி வை. உன் கோச்கிட்ட இதைக் காட்டிப் பேசு, ஒரு மாசம் கழிச்சு டைமிங்கை எனக்கு எழுது.