பாராகாந்தப் பொருளில் திண்மநிலை என்எம்ஆர் எடுத்தால் ஏதாவது தெரியுமா?

மாங்கனீசு, நிக்கல் இருக்கும் சாம்பிளை (இணையில்லாத எலக்ட்ரான் உள்ள இப்படிப்பட்டதுதான் பாராகாந்தப் பொருள்) என்எம்ஆரில், அதாவது காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சமிக்ஞையைச் சிகரங்களாகக் காட்டும் கருவியில், போட்டால் ஒன்றும் தெரியாது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. சில வருடங்களாக லித்தியம் பேட்டரியின் கேத்தோடுகளில் (நேர்மின்முனைப் பொருள்களில்) இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், சிகரத்தைக் கலைத்துப்போடுகிற அதே எலக்ட்ரான்தான் எனக்கு அமைப்பையும் சொல்லிக்கொடுக்கிறது.

இணையில்லாத எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் (அது எவ்வளவு வலிமையான காந்தம் என்பதன் அளவு) புரோட்டானுடையதைவிட 650 மடங்குக்கு மேல். அதனால் பக்கத்து அணுக்கருவின் சிகரம் அகன்றும் போகும், எங்கேயோ தள்ளியும் போகும். தள்ளிப்போவதுதான் நமக்கு லாபம். சாதாரண லித்தியம் உப்புகளில் எல்லாச் சிகரமும் பூஜ்யத்தை ஒட்டிச் சில பிபிஎம்முக்குள் (சிகரத்தின் இடத்தைக் குறிக்கும் அலகு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், எது எந்த இடத்து லித்தியம் என்று பிரிப்பதே பெரும்பாடு. ஒரு மாங்கனீசுக்கு இரண்டு லித்தியமும் மூன்று ஆக்சிஜனும் உள்ள ஆக்சைடை எடுத்துப் பாருங்கள்: மாங்கனீசு அடுக்குக்குள் உட்கார்ந்திருக்கும் லித்தியம் 1500 பிபிஎம் பக்கத்தில் வரும், லித்தியம் அடுக்கில் இருப்பது 750 பக்கத்தில் வரும். காரணம், மாங்கனீசின் இணையில்லாத எலக்ட்ரானின் சுழல் அடர்த்தி, அதாவது அதன் காந்தத்தன்மை, ஆக்சிஜன் வழியாக லித்தியத்துக்குக் கொஞ்சம் கசிகிறது. மாங்கனீசு, ஆக்சிஜன், லித்தியம் மூன்றும் 90 பாகையில் அமைந்தால் ஒவ்வொரு மாங்கனீசும் சுமார் 250 பிபிஎம் தள்ளும். மாங்கனீசு அடுக்கில் உள்ள லித்தியத்தைச் சுற்றி அப்படி ஆறு மாங்கனீசு இருப்பதால், ஆறு இருநூற்றைம்பது ஆயிரத்து ஐந்நூறு, கணக்கு சரியாக வருகிறது! லித்தியம் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் சராசரிதான் கிடைக்கும். இங்கே ஒவ்வொரு லித்தியத்துக்கும் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே எண்ணிக்கையாக வந்துவிடுகிறது.

அகலம்தான் தலைவலி. அதைக் குறைக்கச் சாம்பிளை ரோட்டர் என்ற சின்னக் குழாயில் அடைத்துச் சுழற்றுவோம். 1.3 மில்லிமீட்டர் ரோட்டரில் நொடிக்கு 60,000 சுற்று சுற்றினாலும், உண்மையான சிகரத்தின் இருபுறமும் சுழல் வேகத்துக்கேற்ற இடைவெளியில் பக்கச் சிகரங்கள் வரிசையாக நிற்கும். எது உண்மையான சிகரம் என்று கண்டுபிடிக்க வேகத்தை மாற்றி இன்னொரு முறை எடுப்போம், நகராமல் நிற்பதுதான் அது. ஆனால் அதுவும் துளி நகரும், ஏனென்றால் வேகம் கூடக்கூட உராய்வில் சாம்பிள் சூடாகிறது, பாராகாந்த நகர்வோ வெப்பநிலையோடு மாறக்கூடியது. முதல் தடவை இதைப் பார்த்துக் குழம்பி இரண்டு நாள் ரோட்டரைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், பெரிய காந்தம் கிடைக்கிறதே என்று அதில் போய் உட்காராதீர்கள். இந்த அகலம் காந்தப்புலத்தோடு சேர்ந்து வளரும், 4.7 டெஸ்லா போதும், பல சமயம் அதுதான் நல்லது. வழக்கமாகப் பார்க்கும் ஐசோடோப்பான லித்தியம்-7 ரொம்ப அகலமாக இருந்தால் லித்தியம்-6 எடுங்கள், அதன் அணுக்கரு காந்தம் சிறியது என்பதால் சிகரம் அவ்வளவு அகலாது. இயற்கையில் அது குறைவுதான், ஆனால் எலக்ட்ரான் புண்ணியத்தில் அணுக்கரு மிக வேகமாகத் தளர்வதால் (பழைய நிலைக்குத் திரும்புவதால்) ஸ்கேனுக்கு ஸ்கேன் காத்திருக்க வேண்டியதில்லை, ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நேராக உலோகத்தோடு பிணைந்த அணு மட்டும் பெரும்பாலும் கண்ணில் படாது. லித்தியத்திலும் சில தப்பிவிடலாம், அதனால் சிகரப் பரப்பை வைத்து எண்ணிக்கை சொல்வதற்கு முன், சாம்பிளில் உள்ள லித்தியம் முழுவதும் கணக்கில் வந்ததா என்று எடை தெரிந்த ஒரு மாதிரியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.