பிரசவ விடுப்பு முடிந்து போனால் வேலை இல்லை என்கிறார்கள்: எந்த நாளிலிருந்து கணக்கு?

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு துணிக்கடையின் அலுவலகத்தில் ஐந்து வருட வேலை. சிசேரியன், நாலு மாத விடுப்பு. திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கும்போது மேலாளருக்கு வாட்ஸ்அப் போட்டிருக்கிறார்: பால் எடுத்து வைக்க தினம் இரண்டு முறை அரை மணி நேரமும் கதவு சாத்துகிற மாதிரி ஓர் அறையும் வேண்டும். "இதெல்லாம் இங்கே சரிப்பட்டு வராது" என்று பதில். மே 5, திங்கட்கிழமை காலை போனால் அவருடைய நாற்காலியில் வேறொரு பெண். "வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறோம்." மே 23 அன்று ஹெச்.ஆர். ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம். மேலாளரை மன்னிப்புக் கேட்க வைக்க முடியுமா என்பது கேள்வி.

தங்கச்சி, லீவை இழுக்கத்தான் சிசேரியன் செய்துகொண்டீர்கள் என்று மேலாளர் பேசியதும், வேலைக்குப் போகிறவளுக்கு எதற்குத் தாய்ப்பால், புட்டியைக் கொடு என்று வீட்டில் மாமியார் சொன்னதும் வலிக்கத்தான் செய்யும், தையல் ஆறாத உடம்போடு கேட்ட பேச்சு அது. ஆனால் அதை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே தேதி. மே 5.

பிரசவ விடுப்பு முடிந்து வந்தவரை வேலையில் சேர விடாவிட்டால் அதுவே பணிநீக்கம். தொழிலாளர் உறவுச் சட்டம் பிரிவு 186 அப்படித்தான் சொல்கிறது, "நீக்கிவிட்டோம்" என்று யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. அந்தப் பணிநீக்கம் எந்த நாளில் நடந்தது? முதலாளி முதல் முறை மறுத்த நாளில் என்கிறது பிரிவு 190. நீங்கள் மே 23-ஐ வைத்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அது தப்பு. வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் மனுப் போட 30 நாள்தான், அதில் சனி, ஞாயிறும் சேர்த்தி. மே 5-க்கு மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூன் 4, புதன்கிழமையோடு முடிகிறது. நீங்கள் எனக்கு எழுதியது மே 27. மனுப் போடக் காசு கிடையாது, அதற்கான படிவம் 7.11 உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் முதலில் கம்பெனிக்கு ஒரு பிரதி அனுப்பி அதற்கான அத்தாட்சியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதற்கே ஒரு நாள் போய்விடும்.

இந்த "கூப்பிடுகிறோம்" என்ற சொல்லை நம்பி உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனுப் போடலாம், ஆனால் எதிர்த்தரப்பு அதிலேயே உங்களை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். கூப்பிடுவார்கள் என்று இருந்தேன் என்ற காரணம் பல நேரம் எடுபடுவதில்லை.

அதைவிட மோசம் அந்தத் தாள். டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒரு கேஷியர் பெண், கடையின் பின்னால் ஸ்டோர் ரூமில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். வெளியே காரில் பிள்ளை அழுகிறது, மார்பில் பால் கட்டிச் சட்டை நனைந்துவிட்டது, சீக்கிரம் போனால் போதும் என்றிருக்கிறது, படிக்கவே இல்லை. அதன்பிறகு குழந்தை பெற்றதால் வேலை போனதா என்ற பேச்சே எழவில்லை. கையெழுத்து மிரட்டி வாங்கியதா இல்லையா, அது ஒன்றுதான் வழக்கு. அதை நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். ராஜினாமா கொடுத்தால் முதலாளி சம்மதிக்காமல் திரும்ப வாங்க முடியாது. வேலை முடிந்ததும் முதலாளி நிரப்பித் தரும் யூஐ-19 படிவத்தில் வேலை முடிந்த காரணத்துக்கு நேரே "ராஜினாமா" என்று போட்டுவிட்டால் வேலையில்லாதவர்களுக்கான யூஐஎஃப் பணமும் போச்சு. அந்த ஒரு மாதச் சம்பளமும் பெரிய தயவு இல்லை. ஒரு வருடம் தாண்டியவரை நிறுத்தினால் நாலு வார நோட்டீஸ் சம்பளம் எப்படியும் தரவேண்டும். உங்கள் காசையே உங்களுக்குக் கொடுத்துக் கையெழுத்து கேட்கிறார்கள்.

தாய்ப்பால் விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் தினம் இரண்டு முறை அரை மணி நேரம் என்பது 1998-ல் வந்த நடத்தை நெறியில் இருக்கிறது. நெறிதான், சட்டப் பிரிவு அல்ல, அதை மட்டும் வைத்துப் பணம் கேட்டு நிற்காதீர்கள். ஆனால் அந்த வாட்ஸ்அப் பதிலை அழித்துவிடாதீர்கள். பால் எடுக்க நேரம் கேட்ட ஒரே வாரத்தில் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். பிரசவத்தோடு தொடர்புள்ள காரணத்துக்காக நீக்கினால் பிரிவு 187-ன்படி அது தானாகவே நியாயமற்ற பணிநீக்கம், இழப்பீடு 24 மாதச் சம்பளம் வரை போகலாம். நீங்கள் பால் எடுக்க நேரம் கேட்டதையும் அவர்கள் நிறுத்தியதையும் முடிச்சுப் போடுவது இந்தப் பதில்தான். தேதியும் அவர் நம்பரும் தெரிகிற மாதிரி படம் எடுத்து இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள்.

24 மாதம் என்றதும் மனசு அங்கே போகும். அது உச்சவரம்பு. அதற்கு லேபர் கோர்ட் போக வேண்டும், கைக்குழந்தையோடு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த முகத்தில் இனி விழிக்கவே முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் திரும்ப வேலை கேட்பதில் அர்த்தமில்லை, சிசிஎம்ஏவில் முதலில் நடக்கும் சமரசப் பேச்சிலேயே பேசி முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மன்னிப்பை விடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நல்ல தொகையைக் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சமரசப் பேச்சு நடக்கும் அறைக்குள் பொதுவாக வக்கீலை விடமாட்டார்கள், நீங்களே பேசவேண்டி வரும். அதனால் நோட்டீஸ் சம்பளம், பாக்கி லீவுக்கான பணம் இரண்டையும் ஒரு தாளில் தனியாக எழுதி எடுத்துப் போங்கள். அவை எப்படியும் வரவேண்டியவை, இழப்பீடு அதற்கு மேலே. எந்தத் தேதிக்குள் பணம் வரும், யூஐ-19-ல் என்ன காரணம் எழுதுவார்கள், இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

ஹெச்.ஆர். நாளைக்கு போன் செய்து, கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே பணம் என்பார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், போனை வைத்ததும் படிவத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.