மெர்சிடிஸ் சி-கிளாஸ் எங்கிருந்து தொடங்கியது?

சி-கிளாஸ் 1993-இல் புதிதாகப் பிறந்த வரிசையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்தான் புதிது. வேர், 1982 டிசம்பரில் வந்த மெர்சிடிஸ் 190. பெட்ரோல் நெருக்கடியும் அமெரிக்க மைலேஜ் விதிகளும் சேர்ந்து, சின்ன காரைச் செய்தே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கின.

மெர்சிடிஸின் வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோ தலைமையில் வரைந்த அந்த உடலமைப்பைப் பலரும் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பின்பக்க சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைக் காரின் உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து தனித்தனி கம்பிகள் பிடித்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு திசை விசையைத் தாங்கும். அதனால் பள்ளத்தில் இறங்கினாலும், வளைவில் வேகமாகத் திரும்பினாலும் டயர் சாலையைச் சரியாகப் பற்றியபடி இருக்கும். அப்புறம் வந்த பெரிய மெர்சிடிஸ்களும் இதையே எடுத்துக்கொண்டன.

உறுதிக்கும் சான்று உண்டு: 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் 190-இன் அதிவேக வகையான 190 ஈ 2.3-16 கார் 50,000 கி.மீ. ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 247 கி.மீ.!