சேவல் கூவும் வேளையிலோ

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் பங்குக் கோயிலின் இளைஞர் குழுவில் இருக்கிறேன். டிசம்பர் முதல் வாரமே வீடு வீடாகப் பாடப்போகும் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினோம். ஞாயிற்றுப் பூசையில் பாதர் மைக்கிலேயே திட்டிவிட்டார், "இது திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ் இன்னும் வரவில்லை" என்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் காத்திருக்கும் காலமாம். பையன்களுக்கு ஒரே கோபம். எல்லாரும் சந்தோஷமாக இருப்பதில் என்ன தப்பு? டிசம்பர் 25 என்பதற்கே ஆதாரம் இல்லை. மரம், மெழுகுவர்த்தி வளையம் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அப்படியிருக்க இந்தக் காலக் கணக்கில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஜெ., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

தேதிக் கேள்வியை விடுங்கள். நற்செய்தியில் தேதி கிடையாது. ரோமில் நான்காம் நூற்றாண்டிலேயே அந்த நாளில் விழா எடுத்திருக்கிறார்கள், நமக்கு அது போதும். மரம் வைக்க ஆசையென்றால் வையுங்கள். மெழுகுவர்த்தி வளையம் ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். 1839இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர், "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். பொறுக்க முடியாத பிள்ளைகளுக்குப் பொறுமை பழக்கிய சாமான் அது. அதைப் பீடத்தில் வைத்துவிட்டு வெளியே நீங்கள் டிரம்ஸ் அடிக்கிறீர்கள்.

"சந்தோஷமாக இருப்பதில் என்ன தப்பு?" இந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நவம்பர் கடைசி வந்தாலே எனக்கு 2017 நினைவுதான்.

அந்த நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலை அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலில்தான். புயல் எச்சரிக்கை வரும் முன்பே கிளம்பிப் போனவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? டிசம்பர் 3, திருவருகைக் கால முதல் ஞாயிறு. அந்தக் கரையில் ஒரு கோயிலில் நானும் பூசைக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். சேலை முந்தானைக்குள் போனை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். காதில் வைக்கவே இல்லை. திரையில் பெயர் வரும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும், மறுபடி அழுத்துவாள்.

அன்றைக்கு நற்செய்தி மாற்கு 13. வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவிலோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ, உங்களுக்குத் தெரியாது, விழித்திருங்கள். யாரும் அந்த ஊருக்கென்று தேடி எடுத்த வாசகம் இல்லை தம்பி. உலகம் முழுக்க அந்த ஞாயிற்றுக்கு அதுதான் முறை. வீட்டுத் தலைவர் வருவாரா என்றே தெரியாத பெண்கள் கோயில் நிறைய உட்கார்ந்து அதைக் கேட்டார்கள்.

பாதர் ஊதா உடுப்பில் இருந்தார். திருவருகைக் கால ஞாயிறுகளில், பூசையில் பாடும் மகிழ்ச்சிப் பாட்டான வானவர் கீதம் கிடையாது, அன்றைக்கும் பாடவில்லை. பாடச் சொல்லியிருந்தால் அந்தக் கோயிலில் யாருக்கு வாய் திறந்திருக்கும்? பாட முடியாதவர்களுக்காகத் திருச்சபை வருடத்தில் நான்கு ஞாயிறுகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதைத்தான் உங்கள் பையன்கள் ஸ்பீக்கர் வைத்து நிரப்புகிறார்கள். எனக்குக் கோபம் வராதா?

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு கிடப்பது என்றும் நினைத்துவிட வேண்டாம். அந்த வியாழக்கிழமை, டிசம்பர் 7, ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடு என்பதுதான் கோரிக்கை. இரண்டாம் ஞாயிறு வாசகத்தில் திருமுழுக்கு யோவான் பாலைநிலத்தில் நின்று கத்துகிறாரே, அவரும் இந்தத் திருவருகைக் காலத்து ஆள்தான். சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கின, ஆட்கள் உயிரோடு திரும்பினார்கள். பலர் திரும்பவே இல்லை.

திண்டுக்கல்லில் கடல் இல்லை, சரி. ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா? கல்ஃபிலிருந்து லீவு கிடைக்காத மகனின் வீடு உங்கள் அன்பியத்தில், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவில், ஒன்றுகூடவா இல்லை? அந்த வாசலில் போய் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஆடிவிட்டு உண்டியலை நீட்டினால் அந்த அம்மா பணம் போடுவாள், சிரிக்கவும் செய்வாள். அதைச் சந்தோஷம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். இந்த நான்கு வாரத்தில் அந்த வீட்டுக்கு டிரம்ஸ் இல்லாமல் இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

கேரலை நிறுத்தச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் காலம் 25ஆம் தேதி தொடங்கி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் போகிறது. நீங்களோ 26ஆம் தேதி காலையிலேயே நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு நியூ இயருக்குப் போய்விடுகிறீர்கள். அந்த நாட்களில் தெருத் தெருவாகப் பாடுங்களேன், எந்தப் பாதர் தடுக்கப் போகிறார்? உங்கள் பாதர் சொன்னது சரி. ஆனால் பிள்ளைகளை மைக்கில் வைத்துத் திட்டியிருக்க வேண்டாம், கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா